கைதச்சக்கைத் தொலியும் லில்லியக்காவின் கைரேகையும்

பழத்தைத் தின்றுவிட்டுத் தொலியைத் தூர எறிவது உலக வழக்கம். அந்தத் தொலியைத் தேடிப்போய்க் கெஞ்சி வாங்கி, கழுவி, உலர்த்தி, பொடித்து, 'முகத்தில் பூசுங்கள்' என்று அதே உலகத்திடம் திருப்பி நீட்டுவது எங்கள் தொழில். வீட்டில் சோப்புக் காய்ச்சிப் பார்த்தவர்கள், தலைக்கு எண்ணெய் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்றவர்கள், முதல் பாட்டிலை மனைவியின் சித்தி மகளிடமே நீட்டிவிட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்து நின்றவர்கள், எல்லோரும் என் இனம். உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் நான் யாரிடம் சொல்ல?

குழித்துறைக்குச் சற்று வெளியே, முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய ஒரு கொட்டகைதான் எங்கள் தொழிற்சாலை. நான் துபாயில் ஒரு ஜூஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே தினமும் லாரி லாரியாகப் போன தொலியைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை இது. ஊருக்கு வந்து, படித்து, லைசென்ஸ் வாங்கி ஆரம்பித்தேன். எனக்கோ சட்டென்று அதிர்ந்துபோகிற சுபாவம். போன் மணி அடித்தாலே நெஞ்சு ஒருமுறை குதிக்கும். அப்படிப்பட்டவன் இந்தத் தொழிலுக்கு வந்தது என் தலையெழுத்து.

எனக்குத் துணை லில்லியக்கா. முழுப்பெயர் லில்லிபாய். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரித்துப் பழகிய கை. கணவர் இல்லை. ஒரே மகள் ஷைனி ரியாத்தில் நர்ஸ். தலைப்பேறுக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதுதான் நம் முறை. ஷைனிக்கு லீவு கிடைக்காது என்று ஆனதும், தாய்வீடே விமானம் ஏறி மகளிடம் போவதாக முடிவாயிற்று. அன்றுமுதல் லில்லியக்காவின் பேச்சில் கால்பங்கு பழத்தொலி, முக்கால்பங்கு ரியாத்.

பன்றிகளின் சார்பாக

பக்கத்தில் பழச்சாறு பிழியும் ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. கைதச்சக்கை, அதாவது அன்னாசி, அங்கே மலைபோல வந்து இறங்கும். தொலியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடந்தால் சந்தேகப்பட வேண்டாமா? நான் படவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு லோடு ஆட்டோ வந்து கொட்டகை வாசலை அடைத்து நின்றது. பின்னால் காலி டிரம்கள். இறங்கியவர் மடித்துக் கட்டிய கைலியோடு, "இங்க தொலி எடுக்க ஆளு யாரு?" என்று போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சல்லடை கீழே விழுந்தது. பன்றி வளர்க்கிறவராம். அந்தத் தொலி பல வருஷமாக அவருடைய பன்றிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். லில்லியக்கா ஒரு சாயாவைக் கொடுத்து அவரை உட்கார வைத்தாள். அழுகினதும் பலாச்சக்கை மடலும் அவருக்கு, நல்ல தொலி எங்களுக்கு என்று ஒருவழியாகப் பேசித் தீர்த்தோம். எழுந்து போகும்போது உலர்ந்துகொண்டிருந்த தொலியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அப்பம், பெண்ணுவ வெளுக்கதுக்கு எனக்க பன்னியளு பட்டினி கெடக்கணும், என்னா?"

கறுத்த குறுக்கு

எங்கள் பக்கத்தில் ஏத்தங்காய் என்றால் நேந்திரங்காய். அதை நறுக்கி உலர்த்திப் பொடித்து, பாலில் காய்ச்சிக் குறுக்கிப் பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். நானே அதைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனாலும் சிப்ஸ் கடைகளில் கழிக்கிற ஏத்தங்காய்த் தொலியைப் பொடித்து, பயற்றமாவும் மஞ்சளும் கலந்து பாக்கெட் போட்டபோது, மேலே அழகாக ஓர் ஏத்தங்குலையின் படத்தைப் போட்டு வைத்தேன். முகத்துக்கு என்றும் எழுதியிருந்தது. கொஞ்சம் சின்ன எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சோற்றில் மீன்குழம்பை ஊற்றுகிறேன், போன். கருங்கல் ஊரிலிருந்து ஓர் அம்மா. பொடி கறுப்பாக இருக்கிறதே, கருப்பட்டி சேர்க்கவா கல்கண்டு சேர்க்கவா என்று கேட்டார். எதற்கு என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சியதற்கு என்றார். "குடுத்துட்டியளா?" என்று நான் அலறிய அலறலில் மனைவி அடுக்களையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். கலந்ததெல்லாம் தின்கிற சாமான்தான் என்று மூளை சொல்கிறது, நெஞ்சு கேட்க வேண்டுமே! உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று கத்தினேன். அந்த அம்மா பதறவே இல்லை. "வெப்ராளப்படாதீங்க. பிள்ளை வாயில வச்ச ஒடனே துப்பிட்டு. களைய மனசில்லாம மிச்சத்தை எனக்க மாப்பிள்ளை குடிச்சாரு. ஆளுக்க மொகம் கொஞ்சம் தெளிஞ்சமாரிதான் இருக்கு."

ஆள் உண்டு, கை இல்லை

கைதச்சக்கைத் தொலியில் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்து எடுத்த பிறகுதான் தொலியை உலர்த்த முடியும். இடது கையில் தொலி, வலது கையில் கத்தி. நாள் முழுக்கச் சாறு வழியும். கையுறை வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை மாட்டினால் தொலி வழுக்குகிறது, எவ்வளவு வழிக்கிறோம் என்று விரலுக்குத் தெரிவதில்லை என்று லில்லியக்கா அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். அது அங்கேயே தொங்கியது.

ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்தாள். மெஷின் தன்னை ஏற்கவில்லை என்றாள். நான் நம்பாமல் கூடவே போனேன். கட்டைவிரலை வைத்தாள், சிவப்பு லைட். ஆள்காட்டி விரல், சிவப்பு லைட். துடைத்தாள், சேலையில் தேய்த்தாள், ஊதினாள், எல்லாவற்றுக்கும் சிவப்புதான். கடைக்காரர் அவள் கையைப் பிடித்து டியூப் லைட்டில் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். விரல் நுனியில் ஒரு கோடு இல்லை. கரைந்த சோப்புபோல வழுவழுவென்று இருந்தது. "எக்கா, ஆளு நிக்கிய, கையத்தான் காணல்ல" என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர் என்பதால் எப்படியோ பதிந்து அரிசியைக் கொடுத்தார்.

பச்சைக் கைதச்சக்கையில் சதையைக் கரைக்கிற ஒரு சத்து உண்டு, இறைச்சி மெத்தென்று வேக அதைத் தடவுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது உயிரோடிருக்கிற ஒரு மனுஷியின் ரேகையையே தின்றுவிடும் என்று யோசிக்கவில்லை. கொஞ்ச நாள் சாறு படாமல் இருந்தால் தோல் வளர்ந்து ரேகை திரும்பிவிடும் என்று லில்லியக்காவுக்குத் தைரியம் சொன்னேன். அவள் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அரிசி கெடக்கட்டு தம்பி. விசாவுக்கு கொச்சியில இந்தக் கையைத்தான கேப்பினும்?"

ஒணக்காதது

உலர்த்துகிற சூட்டில் அந்தச் சத்தின் வேகம் அடங்கிவிடும். பொடியால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனாலும் பயம் பயம்தான். மார்த்தாண்டத்தில் எங்கள் சாமானை விற்கிற பேன்சி கடைக்கு ஓடினேன், கைதச்சக்கைப் பாக்கெட்டுகளை மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கடைக்காரர் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஊரில் எந்தச் செய்தியும் இரண்டாவது ஆள் காதில் விழாமல் முதல் ஆளிடம் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போது மறந்துபோயிற்று.

அங்கே வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வளையலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கையில் உள்ள கோடு போனது நிஜமா என்றார். நிஜம்தான் என்றேன். அப்படியானால் நெற்றியில் உள்ள கோடும் போகுமே என்றார். நான் பதறிப்போய், இந்தப் பொடி எந்தக் கோட்டையும் அழிக்காது டீச்சர், உலர்ந்த பிறகு அதற்கு அந்தச் சக்தி இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். என் தொழிலில் என் சாமான் எதற்கும் ஆகாது என்று நானே சத்தியம் செய்தது அன்றைக்குத்தான். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையோடு சொன்னார்: "அப்பம் ஒணக்காததைத் தாரும்."

வெட்கத்தில் சிவந்தது

எச்சரிக்கை சொல்லப்போய் விளம்பரமாகிவிட்டது. 'ரேகையே போற சாதனம்' என்று செய்தி கடற்கரை வரை போயிற்று. ஒரு சாயங்காலம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வாலிபன் பைக்கில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னை நோக்கி நடந்தான். நான் மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அடிக்க வரவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினான். தங்கச்சியாம், அடுத்த வாரம் நிக்காஹ். செய்தியைக் கேட்டு, கடையில் கைதச்சக்கை வாங்கிப் பச்சைத் தொலியைக் கன்னத்தில் அரைமணிநேரம் தேய்த்திருக்கிறாள். முகம் அவித்த நண்டாகச் சிவந்திருந்தது. 'நம் பொடி இல்லை' என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, இப்படியும் ஒரு மனுஷனா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. பச்சைத்தண்ணீரில் கழுவி, இனி எதையும் தடவாமல், இப்போதே தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, நானே போன் செய்து டோக்கனும் போட்டேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். என்னைவிடப் பயந்துபோயிருந்தான். "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா வெக்கத்துல செவந்ததுன்னு சொல்லிக்கிடுவோம் அண்ணே. அந்த வெக்கம் எப்ப கொறையும்னு மட்டும் சொல்லுங்க."

கையைச் சும்மா வைத்திருப்பது

வெட்கம் நிக்காஹுக்கு முன்பே குறைந்துவிட்டது. கொட்டகைக்குப் பிரியாணியும் வந்தது. லில்லியக்காவின் விரல்தான் பாக்கி. தொலிப் பக்கம் வரக்கூடாது, லேபிள் மட்டும் ஒட்ட வேண்டும் என்று சொல்லி, கத்தியை நான் எடுத்துக்கொண்டேன். கையுறை போட்டுத்தான் வழித்தேன். நிஜமாகவே வழுக்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்கு லேபிள் ஒட்டுவது வேலையாகவே தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் தொலி மூட்டையைப் பிரிக்கப் போவாள், நான் சத்தம் போடுவேன். ஷைனி தினமும் போனில் அழைப்பாள். கால் வீங்குகிறது என்பாள், அம்மா எப்போது வருவாய் என்பாள். இவள் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் விரலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நேராக ரேஷன் கடைக்கு நடப்பாள், ரேகை முளைத்துவிட்டதா என்று சோதிக்க. ஒருநாள் பச்சை லைட் எரிந்தது. கொட்டகைக்குள் அவள் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நான் வாளியைத் தூக்கிவிட்டேன். கடைக்காரரிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இனி மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதும்னு எக்காட்ட சொல்லுங்க சாரே. தெனமும் வந்து வெரலை வச்சிட்டு ஒண்ணும் வாங்காம போறாவ, கூட்டம் என்னைச் சந்தேகப்படுது."

இது யாருடைய கை

கொச்சிக்கு நானும் கூடப் போனேன். ரயிலில் லில்லியக்கா கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். சாயா வாங்கினாலும் டம்ளரைத் தொடமாட்டேன் என்றாள், சூடு பட்டுவிடுமாம். நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். எதிரே இருந்தவர்கள் அவளுக்குக் கை வராது என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

விசா ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலையாளிப் பெண். வலது கையின் நான்கு விரல்களையும் வைக்கச் சொன்னாள், பச்சை லைட். நான் மூச்சு விட்டேன். அடுத்து இடது கை. சிவப்பு. மறுபடி. சிவப்பு. ஈரத்துணியால் துடைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தி, மறுபடி. சிவப்புதான். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. ரேஷன் கடையில் அவள் தினமும் சோதித்தது வலது கட்டைவிரலை. வலது கையில் பிடித்தது கத்தி. மாதக்கணக்கில் தொலியைப் பிடித்துச் சாற்றில் ஊறியது இடது கை. அதை நாங்கள் இரண்டுபேரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தொழில் நடத்துகிறவன் நான், எந்தக் கை எதைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தாள். "அம்மச்சீ, வலத்தே கை அம்மச்சியுடேயா. ஈ எடத்தே கை ஆருடேயா?"

மருந்து

விரல் தேறிய பிறகு வரச் சொன்னார்கள். திரும்பும் ரயிலில் லில்லியக்கா அழுதாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஷைனிக்கு நாள் நெருங்கிவிட்டது. கடல் தாண்டி அந்தப் பிள்ளை தாய் துணையில்லாமல் படுத்திருப்பாள், இங்கே இவளைத் தடுத்து வைத்திருப்பது என் கொட்டகையில் கிடக்கிற ஒரு பழத்தொலி. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வந்த மறுநாளே வேலையில் இறங்கினேன். தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, வெள்ளரி விதை எல்லாம் சேர்த்து, எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் காட்டி, அவள் கைக்கென்றே ஒரு களிம்பு செய்தேன். இதைவிட நல்ல சாமான் இந்தக் கொட்டகையில் இதுவரை உருவானதில்லை என்று சொல்லி நீட்டினேன். அவள் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கோவப்படாதீங்க தம்பி. கை போனது உங்க சாதனத்துல. வாறதும் உங்க சாதனத்துல வேண்டாம். எனக்கு வெறும் தேங்காயெண்ணெ போதும்."

கொல்லம் தாண்டும்போது

இரண்டாம் முறை கொச்சிக்குப் போகும்போது, ரயில் கொல்லம் தாண்டியதும் லில்லியக்காவின் போன் அடித்தது. மருமகன். ஷைனிக்கு வலி முந்திக்கொண்டு, பேறும் ஆகிவிட்டது, பெண்குழந்தை, இரண்டுபேரும் சுகம் என்றான். போனில் குழந்தை வீறிட்டது பெட்டி முழுக்கக் கேட்டது. லில்லியக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எதிரே இருந்த ஒரு பெண்மணி என்ன விசேஷம் என்று கேட்டார். பேத்தி என்றாள். சிரித்தபடியே சொன்னாள், உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் தாய் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு கைகளுக்கும் பச்சை லைட் எரிந்தது. அதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

ரியாத் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. நான் கையுறையோடு தொலி வழித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்ததும் வழக்கம்போல நெஞ்சு குதித்தது. விமானம் எப்படி, குளிர் எப்படி, ஷைனி எப்படி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் இடைமறித்தாள். "தம்பி, பிள்ளைய கையில தந்த ஒடனே மொதல்ல அவளுக்க வெரலைத்தான் விரிச்சுப் பாத்தேன். பத்துலயும் கோடு நல்ல தெளிவா கெடக்கு."

என் இனத்தவர்களே, ஊருக்கெல்லாம் முகத்தைத் தெளியவைத்து என்ன பயன், எந்த வாசலில் போய் நின்றாலும் விரலைத்தானே நீட்டச் சொல்கிறார்கள்!